கிளாஸ் எழுதியாயிற்று, டெஸ்டில் எதைச் சோதிப்பது?

ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம் படிக்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே வந்து சேரும் பயிற்சி ஒன்று உண்டு: சிறிய கிளாஸ் ஒன்றை எழுது, அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் யூனிட் டெஸ்டும் எழுது. கிளாஸ் எப்படியோ வந்துவிடுகிறது. டெஸ்டுக்கு வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் மெத்தடுக்கு ஒன்றாக டெஸ்ட் எழுதிவைக்கிறார்கள். எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, வருகிறது. அதே கிளாஸுக்கு வேறொருவர் வேறு எண்களைக் கொடுத்ததும் விடை தப்பாகிறது. டெஸ்ட் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அதனிடம் கேட்ட கேள்விகள் போதவில்லை, அவ்வளவுதான்.

என்ன கேட்பது என்பதற்கு மெத்தடுகளின் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. அந்த கிளாஸ் தன்னைப் பயன்படுத்துபவருக்கு என்ன உறுதி தருகிறது என்று பார்த்தால் டெஸ்டுகள் தாமாகவே கிடைக்கும். ‘பின்னம்’ என்ற ஒரே ஒரு கிளாஸை வைத்து இதைப் பார்ப்போம். கீழே வரும் நிரல்வரிகள் குறிப்பிட்ட எந்த மொழியிலும் எழுதப்பட்டவை அல்ல. ஜாவா, பைத்தான் என்று நீங்கள் படிக்கும் மொழிக்கு எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.

கிளாஸ் எதற்கு?

தரவும் அந்தத் தரவின் மேல் வேலை செய்யும் செயற்கூறுகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்பது கிளாஸின் அடிப்படை. 1960களில் நார்வேயின் ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலிருந்து வந்த யோசனை இது. கிளாஸ் என்பது வரையறை. அதன்படி நினைவகத்தில் உருவாகும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் வைத்திருக்கும் மதிப்புகள் ஃபீல்டுகள், அவற்றின் மேல் இயங்குபவை மெத்தடுகள், ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஒருமுறை ஓடுவது கன்ஸ்ட்ரக்டர்.

பாடங்கள் அவசரமாகக் கடந்துபோகும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பின்னத்தை வெறும் இரண்டு முழு எண்களாக வைத்துக்கொண்டால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் பகுதியில் 0 போட்டுவிடலாம். கிளாஸுக்குள் வைத்து, வெளியார் ஃபீல்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால், ‘இந்த ஆப்ஜெக்டைப் பொறுத்தவரை இது எப்போதும் உண்மை’ என்று சில விஷயங்களைச் சொல்ல முடியும். இவற்றை மாறா நிபந்தனைகள் என்போம். பின்னத்துக்கு மூன்று வைக்கலாம்:

1. பகுதி ஒருபோதும் 0 ஆகாது.
2. பகுதி எப்போதும் மிகை எண். குறைக்குறி இருந்தால் அது தொகுதியில்தான் இருக்கும்.
3. பின்னம் எப்போதும் சுருங்கிய வடிவில் இருக்கும். 2/4 கொடுத்தாலும் உள்ளே 1/2 தான். பூச்சியம் என்றால் 0/1.

முதலாவது, கணிதம் போட்ட கட்டாயம். மற்ற இரண்டும் நாமாக எடுத்த முடிவுகள். 2/4 ஒன்றும் செல்லாத பின்னம் இல்லை. ஒரே மதிப்புக்கு ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால் பிற்பாடு வேலை குறையும் என்பதற்காக அப்படி வைக்கிறோம். வேறொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் எடுத்த முடிவை எழுதிவைக்காமல் டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் எதைச் சரி என்பது, எதைத் தவறு என்பது?

முதல் வடிவம்

    கிளாஸ் பின்னம்
        கன்ஸ்ட்ரக்டர் (தொ, ப)
            ப = 0 எனில் எக்ஸெப்ஷன் எழுப்பு
            ப < 0 எனில் தொ, ப இரண்டின் குறியையும் மாற்று
            வ = மீபொவ(தொ, ப)
            தொகுதி = தொ / வ
            பகுதி = ப / வ

        கூட்டு (மற்றது)
            தொ = தொகுதி × மற்றது.பகுதி + மற்றது.தொகுதி × பகுதி
            ப = பகுதி × மற்றது.பகுதி
            திருப்பு பின்னம்(தொ, ப)

    மீபொவ (அ, ஆ)
        ஆ = 0 எனில் திருப்பு அ
        திருப்பு மீபொவ(ஆ, அ-வை ஆ-வால் வகுத்த மீதி)

எக்ஸெப்ஷன் என்பது, மேற்கொண்டு போக முடியாதபோது நிரல் எழுப்பும் பிழை அறிவிப்பு. மீபொவ என்பது பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான். அதைக் கண்டுபிடிக்கும் வழி யூக்ளிட் காலத்தது. கூட்டு மெத்தடில் சுருக்கும் வேலை எதுவும் இல்லாததைக் கவனியுங்கள். புதிய பின்னம் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் பிறந்தாக வேண்டும், சுருக்குவதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது சரியாகத் தெரிகிற இந்தக் கோடில் (நிரல்வரிகளில்) ஒரு பிழை இருக்கிறது. சில மொழிகளில் மட்டும் தலைகாட்டும்.

யூனிட் டெஸ்ட் என்பது

கோடின் ஒரு சிறு துண்டைத் தனியாக ஓட்டி, கிடைத்த விடையையும் கிடைக்க வேண்டிய விடையையும் கணினியே ஒப்பிட்டுச் சொல்லும்படி எழுதுவதுதான் யூனிட் டெஸ்ட். திரையில் விடையை அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், ஒப்பிடும் வேலை யாருடையது என்பதில் இருக்கிறது. இன்றைக்குப் பத்து விடைகளைக் கண்ணால் சரிபார்க்கலாம். அடுத்த மாதம் ஒரு வரியை மாற்றிய பிறகு அதே பத்தையும் மறுபடி பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய எஸ்யூனிட்தான் இப்போது புழங்கும் பல டெஸ்ட் கருவிகளுக்கு முன்னோடி. 1997-இல் அவரும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ஜாவாவுக்கான ஜேயூனிட்டின் முதல் வடிவத்தை எழுதினார்கள். பைத்தானோடு சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட் நூலகம் அதைப் பார்த்துச் செய்தது. பைத்தானின் பெயரிடும் வழக்கத்துக்கு ஒட்டாத செட்அப், அசர்ட்ஈக்வல் போன்ற பெயர்கள் அதில் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

டெஸ்ட் ஒன்றில் பொதுவாக மூன்று வேலைகள் நடக்கும்: தேவையான ஆப்ஜெக்டுகளை உருவாக்குவது, சோதிக்க வேண்டிய மெத்தடை அழைப்பது, விடையை ஒப்பிடுவது. ஒப்பிடும் வரிக்கு அசர்ட் என்று பெயர்.

    டெஸ்ட் அரையும்_மூன்றிலொன்றும்_கூட்டினால்
        அ = பின்னம்(1, 2)
        ஆ = பின்னம்(1, 3)
        விடை = அ.கூட்டு(ஆ)
        அசர்ட்_சமம்(பின்னம்(5, 6), விடை)

எதிர்பார்க்கும் விடையான 5/6 எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். அது தாளில் போட்டுப் பார்த்த கணக்கிலிருந்து வர வேண்டும். நிரலை ஒருமுறை ஓட்டி, அது காட்டியதை அப்படியே எடுத்து டெஸ்டில் ஒட்டுகிறவர்கள் உண்டு. கூட்டு மெத்தடில் இருக்கும் சூத்திரத்தையே டெஸ்டிலும் எழுதி விடையைக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் கோட் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. சூத்திரம் தப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாகி, பச்சை விளக்கு எரியும்.

முதல் சிவப்பு: சமம் என்றால் என்ன?

மேலே உள்ள டெஸ்டை ஓட்டினால் பெரும்பாலும் தோல்விதான் வரும். ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றும் மெத்தடையும் எழுதிவைத்திருந்தால் இன்னும் குழப்பம்: எதிர்பார்த்ததும் 5/6, கிடைத்ததும் 5/6, ஆனாலும் தோல்வி என்கிறது கருவி.

காரணம் எளிது. ஜாவாவிலும் பைத்தானிலும், நாம் எதுவும் சொல்லாதவரை, இரண்டு ஆப்ஜெக்டுகள் சமம் என்றால் இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட் என்றுதான் பொருள். உள்ளே இருக்கும் எண்களை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே சமம் பார்க்கும் மெத்தடை கிளாஸில் நாமே எழுத வேண்டும். மூன்றாவது மாறா நிபந்தனை இங்கே பலன் தருகிறது. எல்லாப் பின்னமும் சுருங்கியே இருப்பதால் தொகுதியும் பகுதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும், குறுக்குப் பெருக்கல் தேவையில்லை.

சமத்தைத் தொட்டால் ஹாஷையும் தொட வேண்டும். ஆப்ஜெக்டை விரைவாகத் தேடியெடுப்பதற்காக அதிலிருந்து கணக்கிடும் எண்தான் ஹாஷ். சமமான ஆப்ஜெக்டுகளுக்கு ஒரே ஹாஷ் எண் இருக்க வேண்டும் என்பது ஜாவாவின் விதி. அதை மறந்தால், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டுமே வைத்திருக்க வேண்டிய ஹாஷ்செட் என்ற தொகுப்பில் 1/2 இரண்டு முறை போய் உட்காரலாம், எந்த எச்சரிக்கையும் வராது. பைத்தான் 3 இதில் கறார். சமத்தை மட்டும் எழுதி ஹாஷை விட்டுவிட்டால் அந்த ஆப்ஜெக்டைச் செட்டில் போடவே விடாது. இரண்டில் பைத்தானின் போக்குதான் தொடக்கநிலையினருக்கு நல்லது. தப்பு உடனே முகத்துக்கு நேரே தெரிந்துவிடுகிறது.

எந்த எண்களைக் கொடுப்பது?

டெஸ்டின் தரம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ½ + ⅓ என்ற டெஸ்டையே எடுத்துக்கொள்வோம். குறுக்கே பெருக்கிக் கூட்டினால் தொகுதி 3 + 2 = 5, பகுதி 6. விடை ஏற்கனவே சுருங்கிய வடிவில் வந்துவிட்டது. ஆக, சுருக்கும் வரிகளையே யாரோ நீக்கிவிட்டாலும் இந்த டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். மாறாக 1/6 + 1/3 கொடுத்துப் பாருங்கள். குறுக்குப் பெருக்கலில் 9/18 வரும், அது 1/2 ஆகச் சுருங்கினால்தான் தேறும்.

இன்னொன்று: 2/1-ஐயும் 2/1-ஐயும் கூட்டினால் 4. பெருக்கினாலும் 4. கூட்டு மெத்தடுக்குள் தவறுதலாகப் பெருக்கல் எழுதியிருந்தால் இந்த எண்களால் அதைப் பிடிக்க முடியாது. 0, 1, 2 போன்ற எண்கள் மனக்கணக்குக்கு வசதியானவை. அதனாலேயே பிழையை மறைக்கவும் வசதியானவை. டெஸ்டுக்கு எண் பொறுக்கும்போது, ‘கோட் எப்படித் தப்பாக இருந்தால் இந்த எண்ணிலும் சரியான விடை வந்துவிடும்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மாறா நிபந்தனைகளிலிருந்தும் எண்கள் கிடைக்கும்:

1. பூச்சியப் பகுதி: பின்னம்(1, 0) எக்ஸெப்ஷன் தர வேண்டும்.
2. குறிகள்: (3, -4) கொடுத்தால் -3/4, (-3, -4) கொடுத்தால் 3/4.
3. பூச்சியத் தொகுதி: (0, 5) கொடுத்தால் 0/1. ½ உடன் -½-ஐக் கூட்டினாலும் அதே 0/1.
4. குறியும் சுருக்கமும் சேர்ந்து: (-2, 4) கொடுத்தால் -1/2.

நான்காவதைத் தேவையில்லாதது என்றுதான் பலரும் விட்டுவிடுவார்கள். குறிக்குத் தனியாக டெஸ்ட் இருக்கிறது, சுருக்குவதற்கும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வேறு எதற்கு? நாம் எழுதிய கோடை ஜாவாவில் ஓட்டினால் தெரிந்துவிடும். ஜாவாவில் மீதியின் குறி, வகுபடும் எண்ணின் குறியையே பின்பற்றும்: -7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி -1. மீபொவ(-2, 4) என்று அழைத்தால் முதல் மீதி -2. அடுத்த சுற்றில் 4-ஐ -2-ஆல் வகுக்க மீதி 0, திரும்பி வரும் விடை -2. அதனால் வகுத்தால் தொகுதி 1, பகுதி -2. இரண்டாவது மாறா நிபந்தனை உடைந்துவிட்டது.

(-3, 4) கொடுத்திருந்தால் அதே ஜாவாவில் மீபொவ 1 என்று வந்து, விடை -3/4 என்று சரியாகவே இருந்திருக்கும். இரண்டு உள்ளீடுகளும் கன்ஸ்ட்ரக்டரின் அதே வரிகள் வழியாகத்தான் போகின்றன. ஒன்றில் விடை தவறாகிறது, இன்னொன்றில் சரியாக வருகிறது. பைத்தானிலோ மீதியின் குறி வகுக்கும் எண்ணைப் பின்பற்றும். -7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. அதனால் இதே கோட் பைத்தானில் சரியாக ஓடும். ஒரு மொழியில் சோதித்ததை இன்னொரு மொழிக்கு மாற்றும்போது டெஸ்டுகளையும் கூடவே மாற்றி ஓட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். திருத்தம் ஒரே வரி: மீபொவ-வுக்குக் குறி நீக்கிய எண்களைக் கொடுப்பது.

இப்படி ஓரத்தில் நிற்கும் ஒற்றை உள்ளீடு பெரிய நிறுவனங்களையும் விட்டுவைத்ததில்லை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி சூன் என்ற, பாட்டு கேட்கும் கையடக்கக் கருவிகள் உறைந்து நின்றன. லீப் ஆண்டின் 366-ஆவது நாளில் மட்டும் முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப் அதன் தேதிக் கணக்கில் இருந்தது. மற்ற நாளெல்லாம் அதே வரிகள் ஒழுங்காகத்தான் ஓடின.

எக்ஸெப்ஷனைச் சோதிப்பது

பின்னம்(1, 0) என்று டெஸ்டில் நேரடியாக எழுதினால் எக்ஸெப்ஷன் எழுந்து டெஸ்டே விழுந்துவிடும். அது எழும் என்று எதிர்பார்ப்பதைக் கருவியிடம் சொல்லியாக வேண்டும். ஜேயூனிட்டிலும் யூனிட்டெஸ்டிலும் பைத்தானின் இன்னொரு டெஸ்ட் கருவியான பைடெஸ்டிலும் இதற்கென்று வசதி இருக்கிறது. தோல்வி தரவேண்டிய அழைப்பை அதற்குள் சுற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கு முன்பே ஓடவிடக் கூடாது.

கூடவே எந்த வகை எக்ஸெப்ஷன் என்பதையும் குறிப்பிடுங்கள். ‘ஏதோ ஒரு எக்ஸெப்ஷன் வந்தால் போதும்’ என்று எழுதினால், பைத்தானில் கிளாஸ் பெயரைத் தப்பாகத் தட்டினாலும் ஒரு எக்ஸெப்ஷன் வரும், டெஸ்டும் தேறிவிடும்.

எதைச் சோதிக்க வேண்டாம்?

ஃபீல்டை அப்படியே திருப்பித் தரும் மெத்தடுக்குத் தனி டெஸ்ட் எழுதுவது வீண் வேலை. மற்ற டெஸ்டுகள் ஓடும்போது அதுவும் ஓடிவிடும். உள்வேலைக்கான மீபொவ-வை கிளாஸுக்கு வெளியே காட்டாமல் மறைத்து வைத்திருந்தால் அதையும் நேரடியாகத் தொட வேண்டாம். நாளைக்கு யூக்ளிட் முறைக்குப் பதில் மொழியோடு வரும் நூலகச் செயற்கூற்றை வைக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் டெஸ்டுகள் அந்த மாற்றத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும், நின்றாகவும் வேண்டும். பைத்தானின் கணித நூலகத்தில் உள்ள மீபொவ எப்போதும் மிகை எண்ணையே தரும். அதை வைக்கும்போது குறியை மாற்றும் வரி இனித் தேவையில்லை என்று நினைத்து யாராவது நீக்கினால், (3, -4) டெஸ்ட் உடனே சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும்.

விடையைத் தசமமாக மாற்றி ஒப்பிடுவதையும் தவிர்க்கலாம். கணினியின் மிதவைப் புள்ளி எண்களில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. பின்னம் கிளாஸில் 1/10 + 1/5 துல்லியமாக 3/10. துல்லியத்துக்காக எழுதிய கிளாஸைத் துல்லியம் குறைந்த கோலால் அளப்பானேன்?

சோதிக்க முடியாத கிளாஸ்

டெஸ்ட் எழுதுவது கஷ்டமாக இருந்தால் பல நேரம் கோளாறு கிளாஸின் வடிவமைப்பில்தான் இருக்கும்.

1. கூட்டு மெத்தட் விடையைத் திருப்பித் தராமல் திரையில் அச்சிட்டால், டெஸ்டால் அதைப் பிடிக்க முடியாது. மெத்தட் கணக்கிடட்டும், அச்சிடுவதை வெளியே செய்துகொள்ளலாம்.
2. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே பயனரிடம் எண் கேட்டால் டெஸ்ட் நடுவில் நின்று யாராவது தட்டச்சு செய்யக் காத்திருக்கும்.
3. இன்றைய தேதி, ராண்டம் எண் போன்றவற்றை மெத்தட் தானே எடுத்துக்கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் நேற்று பச்சை, இன்று சிவப்பு.

கூட்டு மெத்தட் புதிய பின்னத்தைத் தருகிறது, பழைய இரண்டையும் மாற்றுவதில்லை. இதுவும் ஓர் உறுதிதான், கூட்டிய பிறகு அ இன்னும் 1/2 தானா என்று ஒரு அசர்ட் போடலாம். அப்புறம், டெஸ்டுகள் ஒன்றையொன்று நம்பி இருக்கக் கூடாது. ஜேயூனிட் இயல்பாகவே ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் டெஸ்ட் கிளாஸின் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குவது இதற்காகத்தான். எந்த வரிசையில் ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும்.

எல்லாம் பச்சை. இப்போது?

கோடின் எத்தனை வரிகள் டெஸ்டுகளின்போது ஓடின என்று காட்டும் அளவுக்குக் கவரேஜ் என்று பெயர். அது 100 சதவீதம் என்றாலும் கோட் சரி என்று ஆகாது. (-3, 4), (-2, 4) கதையில் அதைப் பார்த்தோம். டெஸ்டுகளால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா சொன்னது இன்றும் பொருந்துகிறது. கவரேஜைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு: கோடில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். கூட்டலைக் கழித்தலாக்குங்கள், சுருக்கும் வரியை நீக்குங்கள். எந்த டெஸ்டும் சிவப்பாகவில்லை என்றால் டெஸ்டில் ஓட்டை இருக்கிறது. இதையே கருவி கொண்டு தானாகச் செய்வதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர்.

மாறா நிபந்தனைகள் மூன்றையும் காப்பாற்றிக்கொண்டே விடை தப்பாகவும் வாய்ப்பிருக்கிறது. ஜாவாவின் இன்ட் என்ற 32 பிட் முழு எண் வகையில் பின்னம்(1, 50000)-ஐ அதனோடே கூட்டிப் பாருங்கள். வர வேண்டியது 1/25000. ஆனால் நடுவில் பகுதிகளைப் பெருக்கும்போது 250 கோடி வருகிறது. இன்ட்டின் உச்ச வரம்பு 2147483647. எந்தப் புகாரும் இல்லாமல் எண் சுற்றிக்கொண்டு குறை எண்ணாகிவிடும், இறுதியில் கிடைப்பது -3125/56092728. பகுதி 0 இல்லை, மிகை எண், பின்னம் சுருங்கியும் இருக்கிறது. இரண்டு மிகை எண்களைக் கூட்டியதில் குறை எண் வந்திருக்கிறது என்பது மட்டும்தான் சிக்கல்.

இதற்கு வழிகள் பல. 64 பிட் லாங் வகைக்கு மாறலாம், வரம்பு தள்ளிப்போகும், மறையாது. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் வைக்கும் பிக்இன்டீஜர் வகையை எடுத்தால் நடைமுறையில் வரம்பே இல்லை, வேகம் குறையும். வரம்பு மீறினால் எக்ஸெப்ஷன் எழுப்பும் பெருக்கலும் ஜாவா 8 முதல் இருக்கிறது. பைத்தானின் முழு எண்ணுக்கு இப்படி ஒரு வரம்பு இல்லாததால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது கிளாஸ் தரும் நான்காவது உறுதி. ‘1/25000 வர வேண்டும்’ என்றோ ‘எக்ஸெப்ஷன் வர வேண்டும்’ என்றோ அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதிவிடலாம்.